பேலுக்குள் போன உன் பேர்

ஏலே கோமதி, என் தங்க மாப்பிள்ளை,

நல்லா இருக்கியா என்று கேட்கத்தான் கை வருகிறது. பழக்க தோஷம். நீ போய் மூன்று வருஷம் ஆகிறது என்று கைக்கு யார் சொல்லிப் புரிய வைப்பது?

நீ உயிரோடு இருந்தபோது உனக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. தூத்துக்குடியில் இருந்து நீ "அக்காளுக்கும் அத்தானுக்கும்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுவாய். உன் அக்காள் செண்பகம் பதில் போடுவாள். கடைசி வரியில், "அத்தானும் உன்னை ரொம்ப விசாரித்தார்கள்" என்று அவளாகவே சேர்த்துக்கொள்வாள். நான் விசாரிக்கவில்லை, கோமதி. அவள் கடிதம் எழுதும்போது நான் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொள்வேன்.

இன்றைக்கு எழுதுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மிஷின் நிறுத்தியிருக்கிறது. உனக்குத் தெரிந்த அதே மேசைதான், அதே ஆடுகிற கால்தான். நீ மடித்து வைத்த அட்டைதான் இன்னும் அதன் கீழே கிடக்கிறது. கேட்டில் இருந்து ரயில்வே ஸ்டேஷன் ரோடு வரைக்கும் பருத்தி வண்டி நிற்கிறது. மாடுகளை அவிழ்த்துவிட்டு வண்டிக்காரர்கள் சக்கரத்து நிழலில் கிடக்கிறார்கள். இந்த வருஷம் கருங்கண்ணிப் பருத்தி நன்றாக வெடித்திருக்கிறது. நீ இருந்திருந்தால் ஒவ்வொரு வண்டியாகக் கையை விட்டுத் துழாவி, முழங்கை வரை பஞ்சோடு திரிவாய்.

உன் குடை இங்கேதான் இருக்கிறது. ஆணியில் தொங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நீ முதன்முதல் இந்தச் சங்கரன்கோவில் மில்லுக்குள் வந்த நாளை யோசித்துப் பார்க்கிறேன். பருத்தியை அரைத்து விதை நீக்கி, பஞ்சைப் பேலாக அமுக்கிக் கட்டி நாங்கள் அனுப்பினால், அதை வாங்குகிற நூல் மில்லில் பஞ்சு பார்க்கிற பிரிவில் ஆறு வருஷம் வேலை செய்தவன். எங்கள் பேல் இரண்டு தடவை திரும்பி வந்ததால் முதலாளி உன்னைக் கூப்பிட்டு, "இனிமே கேட்டுல பருத்தி பாக்குறது கோமதிநாயகம்" என்று சொல்லிவிட்டார். அப்போதே பதினாலு வருஷமாக இந்த மில்லுக்கு மானேஜராக இருந்தவன் நான். பருத்தியை மோந்து பார்த்தே எந்த ஊர்க் கரிசல் என்று சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன். எனக்கு மேலே ஒரு கண், அதுவும் என் பெண்டாட்டியின் தம்பி கண்! அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. செண்பகம் வயிறு சரியில்லையோ என்று கசாயம் வைத்துக் கொடுத்தாள்.

மறுநாள் நீ ஒரு பழைய கறுப்புக் குடையோடு வந்தாய். வெயிலுக்கு என்று நினைத்தேன். நீ அதைத் தலைகீழாக விரித்துத் தரையில் வைத்து, பஞ்சை ஒரு கை அள்ளி அதற்குள் உதறினாய். கறுப்புத் துணியில் இலைத்தூள், விதை ஓடு, மணல், கயிற்றுப் பிசிறு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. வெள்ளைப் பஞ்சு என்று நான் சொன்னது அதற்குள் மஞ்சளாகக் கிடந்தது.

"வித்தை காட்டுதான்லே, காசு போடுங்க" என்றேன். மில்லே சிரித்தது. அன்றிலிருந்து உனக்குக் குடைக்காரன் என்று பேர். பேர் வைத்தவன் நான்தான்.

நீ கோபப்பட்டதே இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. யாரையும் எதிர்த்துப் பேசாமலே ஒவ்வொருவராக உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். முதலில் பிரஸ் மிஸ்திரி சுடலைமுத்து. பேல் கட்டுகிற மிஷினைத் தவிர உலகத்தில் எதையும் மதிக்காத மனுஷன். ஒவ்வொரு பேலுக்குள்ளும் ஒரு சீட்டு போடவேண்டும், பருத்தி பார்த்தவர் பேரும் பேல் கட்டியவர் பேரும் அதில் இருக்கவேண்டும் என்று நீ சொன்னபோது, அவர் துப்பிவிட்டுத்தான் பேசினார்.

"எம் பேர எழுதிப் பேலுக்குள்ள போட்டா எவன்டே பாக்கப் போறான்?"

"நூல் மில்லுல பேல் பிரிக்கிற ஆளு பாப்பான் அண்ணாச்சி. பஞ்சு நல்லாருந்தா, 'யாரு கட்டுனது'ன்னு சீட்ட எடுத்து உங்க பேர வாய்விட்டு வாசிப்பான். நான் அங்கன இருந்தவம்லா, நானே வாசிச்சிருக்கேன்."

சுடலைமுத்து அறுபது வயதுக்குக் கிட்டத்தில் இருக்கிற மனுஷன், அவர் பேரை ரேஷன் கடையில் தவிர எவனும் எங்கேயும் வாசித்ததில்லை. மறுநாளில் இருந்து பஞ்சில் ஈரம் இருந்தால் அவரே பிரஸ்ஸை நிறுத்தினார்.

அடுத்தது பருத்தி பொறுக்குகிற பெண்கள். தூசு பருத்தி என்று அவர்களில் ஒருத்தி சொன்னாலும் வண்டியைத் தராசுக்கு விடக்கூடாது என்று நீ ஏற்பாடு செய்தாய். என் முன்னாலேயே மாடத்தி ஒரு வண்டியை நிறுத்திவிட்டாள். மேலநீலிதநல்லூர்க்காரர் வண்டி, பத்து வருஷமாக நமக்கே பருத்தி போடுகிறவர். நான் கத்தின கத்தலில் மாடு மிரண்டது. நீ வந்து மூட்டையின் அடியில் கையை விட்டு, தண்ணீர் தெளித்த பருத்தியை ஒரு கை எடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னை யார் முன்னாலும் தோற்கடிக்கக் கூடாது என்று நீ நினைத்தாய் என்பது இப்போது புரிகிறது. அப்போது, பயல் திமிரைப் பார் என்றுதான் தோன்றியது.

மில் முழுக்க உன் பக்கம் வந்துவிட்டது. மிச்சம் நான் ஒருத்தன்.

என்னையும் நீ விட்டுவிடவில்லை. ஆடித்தபசு அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? அம்மன் சப்பரம் வரும்போது வீசுவதற்காக வீட்டில் பருத்தி எடுத்து வைத்திருந்தோம். விளைந்ததில் ஒரு பங்கு ஆத்தா மேலே விழவேண்டும், அப்போதுதான் அடுத்த வெள்ளாமை. ஊரெல்லாம் செய்வதுதான். செண்பகம் சுளகில் போட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தா ஒரு எலை இருக்கு பாரு, இந்தா ஒரு ஓடு கெடக்கு பாரு" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன். நீ வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அத்தான், இந்தக் கண்ண ஒரு நாளைக்கு மில்லுக்குக் கொண்டு வாங்களேன்."

"ஏலே, அவ ஆத்தா. நூல் மில்லுக்காரன் யாரு எனக்கு?"

"அவனும் நம்மள நம்பித்தான வாங்குதான்? பேலப் பிரிச்சுப் பாத்தா வாங்குதான்?"

"ஆத்தா சும்மா வாங்கிக்கிடுதா. அவன் எடை போட்டுல்லா வாங்குதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஊரில் நான் வாய்க்காரன் என்று பேர் வாங்கியவன் அல்லவா. அந்தப் பதிலை நினைத்தால் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

கடைசியாக ஒரு நாள், ஆபீசில் நாம் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, நீ நேராகவே கேட்டாய். "அத்தான், உங்களுக்கு இதுல எதுக்குப் பயம்?"

நான் பேரேட்டை மேசையில் அறைந்து, "வெளிய போலே" என்றேன். கேட்ட கேள்வி சரியாகப் போய் விழுந்ததால்தான் அந்தக் கத்தல். பயம்தான், கோமதி. வண்டிகளைத் திருப்பி அனுப்பினால் புளியங்குடி ரோட்டு மில்லுக்குப் போய்விடுவார்கள், முதலாளி என் கழுத்தைப் பிடிப்பார் என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த பயம் வேறே. பதினாலு வருஷம் நான் நல்ல பஞ்சு என்று அனுப்பியது எல்லாம் நல்ல பஞ்சு இல்லை என்று உன் கிழிந்த குடை சொல்லிவிடுமே என்ற பயம். அப்படியானால் நான் யார்? இந்த மில்லைத் தவிர எனக்கு வேறே என்ன தெரியும்?

இதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பாய். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

இனிமேல் எழுதப்போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. சுடலைமுத்து ஒருத்தருக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்றுதான் போன வாரம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் கோடை மழை பெய்து கெடுத்தது. நனைந்த பருத்தியை நீ தனியாக அரைக்கச் சொல்லி, அந்தப் பஞ்சைச் சரக்கு வைக்கிற கிட்டங்கி மூலையில் குவித்துச் சுற்றிலும் கயிறு கட்டிவைத்தாய். மஞ்சள் பூத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் பூசணம் நாறுகிற பஞ்சு. "இது தனியாத்தான் போணும், எதோடயும் சேரப்படாது" என்று எல்லாரிடமும் சொன்னாய். பிறகு நல்ல பருத்தியாகப் பன்னிரண்டு பேலுக்குப் பார்த்துப் பொறுக்கி வைத்து, எண்ணிப் பன்னிரண்டு சீட்டு எழுதி மிஸ்திரியிடம் கொடுத்துவிட்டு, திருவேங்கடத்துக்குப் போனாய். அங்கே வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் நனைந்ததையும் நனையாததையும் பருத்திக் காட்டிலேயே பிரித்து வைக்கச் சொல்லப் போனாய். இரண்டு நாள். எனக்கு அப்பாடா என்று இருந்தது.

நீ போன அன்றைக்கு மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது. ஒன்பது பேலுக்குத்தான் பஞ்சு அரைபட்டிருந்தது. மறுநாள் காலையில் ரயில் வேகனில் ஏற்றியாக வேண்டும். அந்த வேகனை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று ஸ்டேஷன் மாஸ்டருக்கே தெரியாது. மூன்று பேல் குறைகிறது என்று முதலாளிக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம். வேலை தெரிந்த மானேஜர் அப்படித்தான் செய்வான். நான் கிட்டங்கி மூலைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன்.

சுடலைமுத்து என் கையைப் பிடித்தார். "மானேஜரய்யா, வேண்டாம். அந்தப் பிள்ள சொல்லிட்டுப் போயிருக்கான்."

"இங்கன மானேஜர் அவனா நானா வே? மூணு பேல்ல மட்டும் போட்டாத்தான் தெரியும். பன்னெண்டுலயும் கலந்து கட்டும்."

"சீட்டு?"

"அதான் அவன் பன்னெண்டு எழுதி வச்சிருக்கான்லா. அதப் போடும்."

இப்படித்தான் நடந்தது. உன் கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு சீட்டையும், நீ கயிறு கட்டித் தள்ளிவைத்த பஞ்சோடு சேர்த்து நான் கட்டி அனுப்பினேன். குடைக்காரனுக்கு ஒரு அடி விழட்டுமே என்றுகூட உள்ளே ஒரு ஓரத்தில் நினைத்தேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நினைத்தேன்.

பேல் மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. முற்றத்தில் போட்டுப் பிரித்தார்கள். பன்னிரண்டும் உள்ளே சூடேறி, கட்டி தட்டிப் போயிருந்தது. நாற்றம் மில் கேட் வரைக்கும் அடித்தது. முதலாளி ஒரு சீட்டை உருவி எடுத்து, எல்லார் முன்னாலும் வாசித்தார். "பருத்தி பார்த்தவர், கோமதிநாயகம்." அதோடு நிறுத்தவில்லை. பன்னிரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். பன்னிரண்டு தடவை உன் பேர்.

"இதுதான் உம்ம தரமா வே?" என்றார்.

நீ ஒரு கை பஞ்சை எடுத்தாய். குடையைத் தலைகீழாக விரித்து உதறினாய். கறுப்பில் மஞ்சளும் வெள்ளையும் கலந்து விழுந்தது. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் பஞ்சைப் பார்த்தேன்.

"ஆமா முதலாளி. என் சீட்டுதான்" என்றாய்.

ஏன்டே அப்படிச் சொன்னாய்? "நான் கயித்தக் கட்டிட்டுல்லா போனேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் பேச வேண்டிய இடம் அது என்று உனக்குத் தெரிந்து, எனக்காகக் காத்து நின்றாயா? எவ்வளவு நேரம் காத்து நின்றாய், கோமதி?

குடையை ஆணியில் மாட்டிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாய். மாடத்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். நான் பெல்ட்டுக்கு எண்ணெய் விடுகிற ஆளைக் கூப்பிட்டு ஏதோ வேலை சொன்னேன்.

புளியங்குடியில் உனக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், "பேல் திரும்புன ஆளாமே" என்று விலகிக்கொண்டார்கள். நீ தூத்துக்குடிக்குப் போய் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை எடை பார்க்கிற வேலையில் சேர்ந்தாய். பஞ்சு பார்க்கிற வேலை உனக்கு எவனும் தரவில்லை. ஒரு வருஷம் முடியவில்லை. சுரம் என்று தந்தி வந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீ பாயில் நீட்டிக் கிடந்தாய். கைகள் மட்டும் ஏதோ பிய்க்கிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. உன் அக்காளைத் தெரிந்தது. என்னைத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. "அத்தான்" என்று ஒரு தடவை சொன்னாய். அது கூப்பிட்டதா, மன்னித்ததா, சுரத்தில் வந்த பிதற்றலா? மூன்று வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அல்லாடுகிறேன்.

உன் அக்காளுக்கு உன் சாவைவிட இன்னொன்று ஆறவே இல்லை. "எந்தம்பி கை தப்புப் பண்ணாதே. எப்படிங்க தப்புச்சு? எப்படிங்க?" என்று கேட்பாள். கேட்டுக்கேட்டு அழுவாள். நான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்து, "மனுசன்னா தப்பு வரத்தான் செய்யும், செண்பகம்" என்பேன். உன்னைக் கொன்றது ஒரு பாவம் என்றால், செத்தவன் மேலே தினமும் அதைத் திரும்பத் திரும்பப் போட்டது எத்தனை பாவம்?

சரி, மில் சங்கதியைச் சொல்கிறேன், உனக்கு அதுதானே வேண்டும்.

உன் காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றைக்கு, யாரும் பார்க்காத நேரம் பார்த்து அந்தக் குடையை எடுத்து விரித்தேன். பஞ்சை உதறினேன். எதையாவது உனக்காகச் செய்ய வேண்டும் என்று செய்தேன், அவ்வளவுதான். பிறகு தினமும். ஒரு மாதத்தில் என் கண் எவ்வளவு குருடு என்று தெரிந்துவிட்டது. மோந்து பார்த்தே ஊர் சொல்லுகிற மூக்கு! மண்ணாங்கட்டி. இப்போது மாடத்தி நிறுத்தின வண்டியை நான் விடுவதில்லை. மேலநீலிதநல்லூர்க்காரர் இரண்டு வருஷம் புளியங்குடி ரோட்டுக்குப் போனார், இந்த வருஷம் உலர்ந்த பருத்தியோடு திரும்பி வந்திருக்கிறார். நீ போன பிறகு ஒரு பேல்கூடத் திரும்பி வரவில்லை. முதலாளி என்னைத்தான் பாராட்டுகிறார். சங்கரலிங்கம் வந்த பிறகுதான் மில்லுக்குப் பேர் என்று என் முகத்துக்கு முன்னாலேயே சொல்கிறார். நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது என்பதுகூட அவருக்கு மறந்துபோச்சு.

திருவேங்கடத்தில் நமக்கு ஒரு சின்ன மில் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். அதற்கு மானேஜர் நம்பிராஜன் என்று ஒருத்தர். சீட்டு போடச் சொல்லி, குடை வைக்கச் சொல்லி அவரிடம் நான்தான் நடையாய் நடக்கிறேன். அவர் சொல்வதைக் கேள். "அண்ணாச்சி, பேச நல்லாத்தான் இருக்கும். வண்டிக்காரன் நாளைக்கு வருவானா?" அப்புறம் என் குடையைப் பார்த்துவிட்டு, "மழை வருதா அண்ணாச்சி?" என்று ஆட்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். எனக்கு என் குரலே கேட்கிறது, கோமதி. வேப்பங்காயைக் கடித்த மாதிரி இருக்கிறது.

நீ செய்த மாதிரியே செய்து பார்த்தேன். கெட்ட பஞ்சை அவர் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்தேன். மிஸ்திரியைக் கூட்டிப்போய்ப் பேசச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. போன வாரம், "உமக்கு எதுக்கு வே பயம்?" என்று கேட்டேன். நம்பிராஜன் முகம் செத்துவிட்டது. பாவம், நாலு பிள்ளைகள். அந்த இடத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் இதே பயம் இருந்துது, அதுல நான் இன்னது செஞ்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் அந்த மனுஷன் நிச்சயம் மாறியிருப்பார். நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் பஸ்ஸில் சுடலைமுத்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திடீரென்று சொன்னார்.

"மானேஜரய்யா, அந்தப் பிள்ளைக்குத் தெரியும்."

"எந்தப் பிள்ளைக்கு? என்ன தெரியும்?"

"கோமதிக்குத்தான். பேல் திரும்புன அன்னைக்கே எங்க வீட்டுக்கு வந்தான். 'கயித்த யாரு அவுத்தா அண்ணாச்சி'ன்னு கேட்டான். என்னால மறைக்க முடியல, சொல்லிட்டேன். வாங்க, முதலாளிகிட்ட நான் சொல்லுதேன்னு சட்டையக்கூட மாட்டிட்டேன். அவன்தான் என்னப் பிடிச்சு உக்கார வச்சான். 'அத்தான் வேலைக்கு ஆபத்து வந்தா எங்க அக்கா அடுப்பு எரியாது அண்ணாச்சி. நான் ஒத்த ஆளு, எங்கனயும் பொழச்சுக்கிடுவேன். இது நம்ம ரெண்டு பேரோட போட்டும்'னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிட்டான்."

பஸ் சங்கரன்கோவில் வந்து நின்றது. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். கண்டக்டர் வந்து தோளைத் தட்டுகிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

எங்கனயும் பொழச்சுக்கிடுவேன் என்றாயாமே. பிழைக்கவில்லையேடே, மக்கா.

நேற்றுக் காலையில் செண்பகத்தை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கயிற்றை அவிழ்த்த இடத்துக்கு வரும்போது கை நின்றுவிட்டது. பஸ்ஸில் மிஸ்திரி சொன்னதுவரை சொல்லி முடித்தேன். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் என் வலது கையைப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு வருசமா, நான் அவன நெனச்சு அழும்போதெல்லாம் என் முதுகத் தடவிவிட்டது இந்தக் கையா?" என்று கேட்டாள்.

பிறகு கையை விட்டுவிட்டாள். "அவன் பேரப் பன்னெண்டு தடவ மில்லு முத்தத்துல வச்சு வாசிச்சாகல்லா? அதே முத்தத்துல, அத்தன பேருக்கு முன்னால அத மாத்தி வாசிக்க வைங்க. அதுவரைக்கும் எங்கூடப் பேசாதிய" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நேற்றும் இன்றும் சோறு போட்டு வைத்திருந்தாள். பக்கத்தில் இல்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நாளைக் காலையில் இதை மில் கேட்டில், வண்டிக்காரர்கள் வரிசை நிற்கிற இடத்தில் ஒட்டப்போகிறேன். ஒரு நகல் முதலாளிக்கு. ஒரு நகல் திருவேங்கடத்துக்கு, நம்பிராஜனுக்கு. அவருக்கு நான் சொல்ல முடியாமல் எழுந்து வந்தது இதுதான். அவர் பயம் என்ன செய்யும் என்று அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும். மத்தியானத்துக்குள் என் வேலை போனாலும் போகும். போகட்டும். எனக்காக நீ காப்பாற்றிக் கொடுத்த வேலையில் கிட்டத்தட்ட நாலு வருஷம் உட்கார்ந்துவிட்டேன், போதும்.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வருகிற ஆடித்தபசுக்கு அம்மனுக்கு வீசுகிற பருத்தியை நான் பொறுக்குவேன். செண்பகம் பக்கத்தில் உட்கார்ந்தால் அவளோடு, உட்காராவிட்டால் தனியாக. உன் குடையில் உதறி, ஒரு தூசு இல்லை என்று பார்த்த பிறகுதான் வீசுவேன். அன்றைக்கு நீ கேட்ட கண்ணை எங்கே போனாலும் கையோடு கொண்டுபோவேன். பருத்தி வேலை கிடைக்காவிட்டால் புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சம்பழம் பொறுக்கப் போனாலும், நான் பார்த்ததில் என் பேர்தான் இருக்கும். அடுத்தவன் பேர் இருக்காது.

கேட்டில் நிற்கிறவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் பாதிப் பேர். அதனால் சுடலைமுத்துவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார், இருந்தாலும் அவர்தான் வாசிக்க வேண்டும். கடைசியில் பன்னிரண்டு வரி எழுதியிருக்கிறேன், எல்லாம் ஒரே வரிதான். பன்னிரண்டையும் விடாமல், முற்றத்தில் நின்று, வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருக்கிறேன்.

"பருத்தி பார்த்தவர், கோமதிநாயகம். சரியாகப் பார்த்தார். கெடுத்தவன், சங்கரலிங்கம்."

கேட்கிறதா, மாப்பிள்ளை?

உன் அக்காளைக் கட்டியும் உனக்கு உறவாக இல்லாமல் போன,
உன் அத்தான்,
சங்கரலிங்கம்